ஏசி அறையா, அலைச்சலா?

கேள்வி:

ஐயா, எனக்கு 28 வயது. சொந்த இடம் எர்ணாவூர். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஆறு வருடமாக மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். காண்டிராக்ட் வேலைதான், சம்பளம் 19,500. இப்போது வேறொரு பராமரிப்பு நிறுவனம் இரண்டு வேலைகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒன்று அம்பத்தூரில் கண்ட்ரோல் ரூம். 14 இடங்களில் இருக்கும் ஆலைகளையும் பம்பிங் ஸ்டேஷன்களையும் ஸ்காடாவில், அதாவது தூரத்து இயந்திரங்களைக் காட்டும் கணினித் திரையில், பார்த்து இயக்க வேண்டும். மூன்று ஷிப்ட், 24,000. இன்னொன்று ரோவிங் ஆபரேட்டர். நிரந்தரமாக ஆள் இல்லாத இடங்களுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி முதல் ஒரகடம் வரை சுற்ற வேண்டும், மாதத்தில் ஒரு வாரம் ஓசூர். 27,000, பெட்ரோல் தனி. அப்பாவும் மாமனாரும் ஏசி ரூம் வேலைதான் மரியாதை என்கிறார்கள். ரோவிங்கில் இருக்கும் பழைய ஆட்கள், "எல்லா இடத்துக்கும் தனியாத்தான் போகணும்" என்கிறார்கள். பாப்பாவுக்கு 3 வயது. அம்மாவுக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறோம். எதை எடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், எர்ணாவூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். அலைகிற வேலையை எடுங்கள். ஆனால் இப்போது அவர்கள் நீட்டியிருக்கிற வேலைக் கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் சில வரிகள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இன்னும் ஒரு வருடம் இருங்கள், குடி ஒன்றும் முழுகிப் போகாது.

நானும் பம்பிங் ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்தவன்தான். அப்புறம் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனேன். இப்போது உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கண்ட்ரோல் ரூம் வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் பக்கத்தையே பாருங்கள். காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் அளவுக்குக் கட்டப்பட்டது. கொடுங்கையூரில் 2019-ல் வந்த மூன்றாம் நிலை ஆலை, சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய், நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத் தருவதற்கென்றே கட்டப்பட்டது. இந்த அளவு வேலையை வால்வுக்கு ஒரு ஆள் நிறுத்தி ஓட்ட முடியாது. திரை வேண்டும், அதன் முன்னால் விவரம் தெரிந்த ஆள் உட்கார வேண்டும். நாளைக்கு நீங்களும் அங்கே உட்காரலாம்.

அந்த விவரத்தை நீங்கள் எங்கே சம்பாதிப்பீர்கள் என்பதுதான் என் கவலை. ஆறு வருடம் ஒரே ஆலையில் இருந்திருக்கிறீர்கள். அந்த ஆலையின் ஒவ்வொரு பம்பின் சத்தமும் உங்களுக்குப் பாடம். அம்பத்தூர் அறையில் காட்டப்போகும் 14 இடங்களில் ஒன்றில்கூட நீங்கள் கால் வைத்ததில்லை. கால் வைக்காத இடத்தைத் திரையில் மட்டும் பார்ப்பவர், திரை சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. திரையோ சில நேரம் தப்பாகச் சொல்லும்.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு இது நிச்சயம் உதவும். கழிவுநீர்க் கிணற்றில் நீர்மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் அனுப்பும். கிணற்றின் ஆழம் 6 மீட்டர் என்று வைத்தால் 4 என்றால் காலி, 12 என்றால் 3 மீட்டர், 20 என்றால் நிறைந்துவிட்டது. பூஜ்யத்தை 4-ல் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒயர் அறுந்தால் சிக்னல் 4-க்குக் கீழே விழும். கிணறு காலியா, ஒயர் போய்விட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியும். இதுவரை நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவி மேலே இருந்து ஒலி அனுப்பி மட்டம் பார்க்கிற வகையாக இருந்தால், தண்ணீர் மேல் தடித்து மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையோ நுரையையோ தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும். சிலந்தி வலை கட்டினால்கூட ஏமாறும். ஒயர் நன்றாக இருக்கும், சிக்னல் நன்றாக இருக்கும், எண் மட்டும் பொய்யாக இருக்கும்.

இதைவிட மோசமானது சிம் கார்டு வழியாக டேட்டா வரும் இடங்களில் நடக்கும். சிக்னல் நின்றுபோனால், சில திரைகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். 2.4 மீட்டர், 2.4 மீட்டர் என்று பச்சை நிறத்தில் அமைதியாக நிற்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் ஊரே குளிக்கிறது, துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவுகிறது. அந்த நேரத்தில் எந்தக் கழிவுநீர்க் கிணற்றின் மட்டமும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்காது. ஏழு மணிக்குக் கோடு நேராக இருந்தால் அங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கிணற்றடியில் நின்று காலை வரத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த நேர்கோடு உடனே உறுத்தும். பார்க்காதவருக்கு அது நிம்மதியாகத் தெரியும்.

இன்னொன்று. வடசென்னையில் ஒரு உந்து நிலையத்தில் நான் பயிற்சிக்குப் பையன்களைக் கூட்டிப் போயிருந்தபோது நடந்தது. பம்ப் நின்றிருப்பதாகப் பேனலில் விளக்கு காட்டியது. ஒரு பையன் கிட்டே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், ஷாஃப்ட் சுத்துது" என்றான். சுற்றியது உண்மைதான், ஆனால் எதிர்ப்பக்கமாக. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு, அதாவது என்.ஆர்.வி., சரியாக மூடவில்லை. மேலே குழாயில் ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பி இறங்கி பம்பைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாராவது தூரத்திலிருந்து ஸ்டார்ட் கொடுத்திருந்தால், எதிர்ப்பக்கம் ஓடும் ஷாஃப்டை மோட்டார் ஒரே வெட்டில் இந்தப் பக்கம் திருப்பப் பார்க்கும். ஷாஃப்ட் முறியும், கப்ளிங் போகும், மோட்டார் காயிலும் எரியலாம். ஸ்காடாவுக்குத் தெரிந்ததெல்லாம் 'ஆஃப்' என்ற ஒரு சொல்தான். அந்தப் பையன் இன்று ஒரு நல்ல கண்ட்ரோல் ரூமில் இருக்கிறான். பம்ப் நின்றதும் எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டு எழுதி வைத்திருக்கிறான். அன்றைக்கு டார்ச் அடித்துப் பார்த்ததால் வந்த பழக்கம் அது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு வரிசையில் கடல் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து வீசுகிறது. பேனல் கதவின் ரப்பர் கிழிந்திருந்தால் போதும், உள்ளே செம்பு முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். ஒரகடத்தில் ஐந்து வருடம் உழைக்கும் கருவி இங்கே அவ்வளவு நாள் தாங்காது. இதைத் திரை சொல்லாது. கதவைத் திறந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால்தான் முதலில் அலையுங்கள் என்கிறேன். இரண்டு வருடம் போதும். பல வகை ஆலை, பல கம்பெனி பேனல், பல வகைக் கோளாறு எல்லாம் கைக்கு வரும். பேரிங் போகப்போகிறதா என்று ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங்கின் வெளிக்கூட்டில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பது, பம்புக்குள் ஜல்லி உருள்கிற மாதிரி சத்தம் வந்தால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு பார்ப்பது, ஆம்ப்ஸ் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று புரிந்துகொள்வது, இதெல்லாம் நின்று கற்பவை. அதற்கப்புறம் கண்ட்ரோல் ரூமுக்குப் போனால் நீங்கள் எண்ணைப் பார்க்கும்போதே இடத்தையும் பார்ப்பீர்கள்.

சரி, இப்போது பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆட்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதியிருக்கிறீர்கள்: "எல்லா இடத்துக்கும் தனியாத்தான் போகணும்." உங்கள் கடிதத்தில் மிகவும் முக்கியமான வரி அதுதான். சம்பளத்தைவிட முக்கியம்.

தனியாகப் போய் மீட்டர் எழுதலாம், சத்தம் கேட்கலாம், பேனலை வெளியிலிருந்து பார்க்கலாம், கெமிக்கல் டேங்க் மட்டம் பார்க்கலாம். தனியாகச் செய்யக் கூடாதவை இரண்டு. மூடியைத் திறந்து உள்ளே இறங்குவது ஒன்று. ஓடும் அல்லது ஓடக்கூடிய இயந்திரத்துக்குள் கை விடுவது இன்னொன்று.

முதலாவதைப் பற்றி. கழிவுநீர் தேங்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை வாடை. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் பலர் மூக்கை நம்புகிறார்கள். ஆனால் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு, என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது, காற்று தெளிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் உயிருக்கே ஆபத்து. அது காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். மேலே நின்று மோந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று இறங்கியவர்கள் இப்படித்தான் போனார்கள். அவர்களைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் அதே குழியில் விழுந்தது எத்தனையோ முறை செய்தியில் வந்திருக்கிறது. ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டும் கருவியைக் கயிற்றில் கட்டி, மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்க்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த இடம் உங்களுக்கானது இல்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சூப்பர்வைசர் போனில், "ஒரு நிமிஷம் எறங்கி அந்தத் துணிய எடுத்துடுப்பா" என்று சொன்னால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைச் சொல்லும் தைரியம் வர வேண்டும் என்றால், முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தூரத்திலிருந்து இயக்கும் இடங்களுக்கே உரிய ஆபத்து. நீங்கள் ஒரு பம்பில் சிக்கிய துணியை எடுக்கிறீர்கள். அம்பத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் அங்கே இருப்பது தெரியாது. மட்டம் ஏறுகிறது, ஸ்டார்ட் கொடுக்கிறார். அவர் கொடுக்கவே வேண்டாம், ஆட்டோவில் போட்டிருந்தால் மட்டம் ஏறியதும் தானே ஓடும். கரண்ட் போயிருந்தால், வந்ததும் தானே ஓடும். பேனலில் செலக்டர் சுவிட்சை 'ரிமோட்'டிலிருந்து 'லோக்கல்' அல்லது 'ஆஃப்' பக்கம் திருப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சுவிட்ச் பழுதாகியிருக்கலாம், இன்னொருவர் வந்து திருப்பலாம். பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்து, உங்கள் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்து, கடைசியாக ஒரு முறை ஸ்டார்ட் பட்டனையும் அழுத்திப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். மின்வாரியத்தில் லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் ஏற மாட்டார்கள் அல்லவா, அதே ஒழுக்கம்தான். பூட்டை எடுக்கிற உரிமை போட்டவருக்கு மட்டும். அந்தப் பூட்டைக் கம்பெனி தராவிட்டால் பாரிமுனையில் நல்ல பூட்டாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை.

ஆகவே கடிதத்தில் ஏற வேண்டிய வரிகள்: உள்ளே இறங்கும் வேலைக்கும், இயந்திரத்தைத் திறக்கும் வேலைக்கும் குறைந்தது இன்னொரு ஆள் கூட இருப்பார். வாயுக் கருவி உங்கள் பெயரில் தரப்படும், அதை அளவு சரிபார்த்த தேதி அதிலேயே ஒட்டியிருக்கும். ஆபத்து என்று தோன்றினால் நீங்கள் வேலையை நிறுத்தலாம், அதற்காகச் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நுழையும்போதும் கிளம்பும்போதும் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்வீர்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் கூப்பிடாவிட்டால் அவர்கள் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி வரியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு யாரை அனுப்புவீர்கள் என்று அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த நிறுவனம் என்றால் நம்பிப் போகலாம்.

பயண நேரம் வேலை நேரமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்பதுதான் தொழிற்சாலைக் கணக்கு. எர்ணாவூரிலிருந்து ஒரகடம் போய் வருவதே அரை நாளை விழுங்கிவிடும். அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் 27,000 உண்மையில் 27,000 இல்லை.

அடுத்தது அம்மாவின் மாத்திரை. உங்கள் கடிதத்தில் இதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் இதைத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 21,000. இப்போது 19,500-ல் உங்கள் பங்கு 0.75 சதவீதம், மாதம் 150 ரூபாய்கூட இல்லை. அதற்கு உங்களை நம்பியிருக்கும் அம்மா வரைக்கும் வைத்தியம் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. இரண்டு புதிய வேலைகளில் எதை எடுத்தாலும் இந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 என்பதால் அதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே அப்பா அம்மாவையும் சேர்த்த குழு மெடிக்கிளெய்ம் இருக்கிறதா, வேலையில் விபத்து நேர்ந்தால் நட்டஈட்டுக்குக் கம்பெனி பாலிசி எடுத்திருக்கிறதா என்று கேட்டு, பாலிசி நகலையே வாங்கிப் பாருங்கள். அப்பா அம்மாவுக்கு இல்லை என்றால், உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுக்கும் பாலிசியின் பிரீமியத்தைக் கழித்துவிட்டு இரண்டு சம்பளத்தையும் ஒப்பிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் என்றால் கவலை வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் பகுதி நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள், வேலை மாறிய பிறகு ஓட வேண்டாம். பெரிய வைத்தியத்துக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

பைக் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் பைக் ஓட்டுவது எப்படி என்று எர்ணாவூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டிக்கு விம்கோ நகரிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் இருக்கிறது. அங்கே ஸ்டேஷனில் ஒரு வண்டியைக் கம்பெனி நிறுத்தித் தரட்டும். ஒரகடம் பக்கத்துக்குக் கார் கேளுங்கள். நைட் ஷிப்ட் முடித்த காலையில் நீண்ட தூரம் ஓட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். "பெட்ரோல் தனி" என்று அவர்கள் சொன்னதில் உங்கள் தூக்கத்துக்கும் உயிருக்கும் விலை சேரவில்லை.

புயல், மழைக் காலத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது சென்னையில் கரண்டும் போனது, செல்போன் டவர்களும் விழுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீரில் நின்றது, போதாததற்கு முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது. அப்படிப்பட்ட நாளில் சிக்னல் இல்லாமல் அந்த 14 இடங்களும் என்ன செய்யும்? தானாக மட்டம் பார்த்து ஓடுமா, அப்படியே நின்றுவிடுமா? ரோவிங் ஆபரேட்டரை முழங்கால் தண்ணீரில் பேனல் அறைக்குள் அனுப்பிவிடுவார்களா? நனைந்த பேனல் அறைக்குள் போவதில்லை என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டிய வரிதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அப்பா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், மாமனார் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. மாதத்தில் ஒரு வாரம் நீங்கள் ஓசூரில் இருக்கும்போது, ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடப்போவது அவர்தான். அவரிடம் சம்பளத்தை மட்டும் சொல்லாதீர்கள், முழு அட்டவணையையும் காட்டிக் கேளுங்கள். அவர் ஓசூர் வேண்டாம் என்றால், ஓசூர் இல்லாமல் 25,000-க்குத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை இந்த அலைச்சல், அதற்குள் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அப்பாவுக்கு ஏசி ரூம் ஆசை இருக்கிறது என்றால், அது ரத்தாகவில்லை, இரண்டு வருடம் தள்ளிப் போகிறது என்று சொல்லுங்கள்.

கண்ட்ரோல் ரூமுக்குப் போகும் நாளில் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷிப்டில் எத்தனை அலாரம் வருகிறது என்று பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஆபரேட்டருக்கு சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதைத்தான் பிரிட்டனின் ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 என்ற வழிகாட்டி தாங்கக்கூடிய அளவாக வைக்கிறது. 1994-ல் வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய பதினொரு நிமிடத்துக்குள் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்து குவிந்தது. அதில் எது முக்கியம் என்று எந்த மனிதராலும் பிரிக்க முடியாது. 14 இடங்களை ஒரே அறையிலிருந்து பார்ப்பது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பாஸ்வேர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000-ம் ஆண்டு, கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்களுக்கு ரேடியோக் கட்டுப்பாடு போட்டுக் கொடுத்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், வேலையை விட்ட பிறகு வெளியிலிருந்தே கட்டளை அனுப்பினார். சுமார் எட்டு லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஆற்றிலும் கொட்டியது. ஷிப்டுக்கே ஒரு பாஸ்வேர்டு, அது மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது என்ற அறையில் உட்காராதீர்கள். நாளை ஏதாவது நடந்தால் அது யார் கொடுத்த கட்டளை என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

ரோவிங் வேலையில் சேர்ந்ததும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். செல்போனில் படமும் எடுங்கள், ஆனால் நோட்டு வேண்டும். மெயின் பிரேக்கர் எங்கே, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்த மீட்டர் பொய் சொல்லும், என்.ஆர்.வி. எது ஒழுகும், கிணற்று மட்டம் காலையில் எவ்வளவு ஏறும், வாட்ச்மேன் பெயர், பக்கத்து ஆஸ்பத்திரி எது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பேசுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி எழுந்து தெருவுக்கு ஓடியவர்கள் அங்கே குடியிருந்த மக்கள்தான். ஆலையைச் சுற்றியிருப்பவர்களுக்கு வாடை மாறினால் தெரியும், சத்தம் மாறினால் தெரியும். "நேத்து ராத்திரி பூரா மோட்டார் கத்துச்சு சார்" என்று ஒரு பாட்டி சொல்வதை எந்தச் சென்சாரும் சொல்லாது. உங்கள் எண்ணை அவர்களுக்குக் கொடுத்து வையுங்கள்.

படிப்புப் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிப்ளமோவும் ஆறு வருட அனுபவமும் இருந்தும், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நம் ஆட்கள் 'சி லைசென்ஸ்' என்பார்களே, அதுதான். இல்லை என்றால் இந்த மாதமே விண்ணப்பத்துக்கான தகுதியைப் பாருங்கள். அனுபவச் சான்றிதழைப் பழைய நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், விலகிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். பி.எஃப். கணக்கை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து அந்தப் புதிய நிறுவனத்தாரைப் பார்க்கப் போகும்போது, மேலே சொன்ன வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டாவது ஆள், வாயுக் கருவி, வேலையை நிறுத்தும் உரிமை, இந்த மூன்றும் எழுத்தில் வந்தால் சேருங்கள். பயண நேரத்திலும் ஓசூரிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், இந்த மூன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். திருத்திய கடிதம் வந்ததும் கம்பெனி பெயரை மறைத்துவிட்டு ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.